அஞ்சு மைக்குக்கும் நடுவுல

குளத்தைச் சுற்றி ஐந்து மைக் வைத்துப் பதிந்த தவளைச் சத்தத்தில், யாரோ சப்புக்கொட்டுவது ஈரமாகக் கேட்டது. ஒலிக்கலவை செய்யும் எஸ்தர் அது வரும் இடங்களில் ஒவ்வொரு மைக்கின் தடத்திலும் ஒலியைத் தனித்தனியாக, வெவ்வேறு அளவில் குறைத்தாள். உடனே பின்பக்க ஒலிபெருக்கியில் கத்திய தவளை முன்பக்க ஒலிபெருக்கிக்குத் தாவிவிட்டது. ஏனென்று புரியவில்லை.

"என்னம்மா, தவள ஊர்வலம் போவுது? சாயங்காலத்துக்குள்ள சரியாவலேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் இயக்குநர் குமரகுரு. வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிய, சப்புக்கொட்டினார். அதே சத்தம்.

"சார், அது உங்க வாய் சார்."

"நான் எந்த மைக் கிட்டயும் போவலயே! பதியறப்போ நடுவுலதான குந்தியிருந்தேன்."

எஸ்தர் திரையில் ஐந்து தடங்களையும் பார்த்தாள். நடுவில் என்றால், அந்த எச்சில் சத்தம் ஐந்திலும் ஒரே நொடியில், ஒரே அளவில் விழுந்திருக்கிறது. ஒரு தவளை எந்தத் தடத்தில் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை வைத்தே காது அதன் இடத்தை அறிகிறது. அவள் கலைத்தது அந்த விகிதத்தை. ஐந்து தடங்களையும் ஒன்றாகப் பிணைத்து, ஒரே நொடியில், ஒரே அளவு குறைத்தாள். சப்புக்கொட்டல் அடங்கியது; தவளை மறுபடி பின்னால் போய்க் கத்தியது.