திருப்பத்தூர் வரைக்கும் ரோலிங் ஸ்டோன்ஸ்

"உங்க பீட்டில்ஸ் பத்து வருஷம் ஒண்ணா குடித்தனம் பண்ண முடியாம பிரிஞ்சு போனவங்க. எங்க ரோலிங் ஸ்டோன்ஸ் இன்னிக்கும் மேடை ஏறிக்கினு இருக்காங்க. இப்ப சொல்லு மாமா, யாரு பெருசு?"

தங்கவேல்தான் கேட்டான். அவன் அக்கா புருஷன் அர்ச்சுனன் ஜீப்பின் பின்சீட்டில் கண் சொருகச் சாய்ந்து கிடந்தான். துண்டைப் பாதியாகக் கிழித்து அவன் மணிக்கட்டுக்கு மேல் கட்டியிருந்தது.

"மாமா, உன்னத்தான். கண்ண மூடாத."

"தெம்பு இல்லடா மச்சான். வுடு."

"தெம்பு இல்லையா, பதில் இல்லையா?"

ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த சேட்டு திரும்பாமலே அதட்டினான். "தூங்க வுடாத தங்கவேலு. கட்டுவிரியன் கடிச்சவன் தூங்கினா எழுந்திருக்க மாட்டான். உன்னக் காப்பாத்தப் போய்த்தான் அவனுக்கு இந்தக் கதி. பேச்சு குடுத்துக்கினே வா."

காவலூர் வானாய்வு மையத்தின் பட்டறையில் மாமனும் மச்சானும் மெக்கானிக்குகள். காலையில் பின்கட்டில் கிடந்த பழைய குழாய்களைப் புரட்டும்போது தங்கவேலின் காலருகே பாம்பு நெளிந்தது. அர்ச்சுனன் யோசிக்கவில்லை. வெறுங்கையால் தட்டிவிட்டான். அது கையில் பிடுங்கிவிட்டது.

அக்கா திரௌபதிக்கு இது ஏழாம் மாதம். மாமாவை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தே தீருவதென்று தங்கவேல் ஜீப்பில் ஏறும்போதே முடிவு செய்திருந்தான். அதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, இந்தப் பழைய சண்டை.

மாற்றலாகிப் போன பெங்களூர் இன்ஜினீயர் ஒருவர் ஆளுக்கொரு கேசட் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அர்ச்சுனனுக்கு வந்தது பீட்டில்ஸ், தங்கவேலுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ். அன்றிலிருந்து அதுவே அவரவர் கட்சி. இங்கிலாந்திலேயே பெரிய பாட்டுக் குழு எது என்பதில் பொங்கலன்று கூடச் சமாதானம் ஆனதில்லை.

"ரிஷிகேசத்துக்கு தியானம் பண்ண வந்தாங்களே உங்க ஆளுங்க. அத்தயாவது ஒழுங்கா முடிச்சாங்களா? பாதியில மூட்டையக் கட்டிட்டாங்க."

அர்ச்சுனனின் இமை மெல்லத் திறந்தது. "சாமியத் தேடி வந்தவங்களப் பேசாத. இங்கிலீஷ் பாட்டுல சிதாரக் கொண்டாந்தது யாரு?"

"எங்க ஆளுங்களும்தான் வாசிச்சாங்க."

"அடுத்த வருஷம். எங்களப் பார்த்து காப்பி அடிச்சது."

"காப்பி இல்ல மாமா. நீங்க பண்ண தப்பத் திருத்துனாங்க."

"தப்பா? இன்னாடா தப்பு?" அர்ச்சுனன் குரலில் சூடு ஏறியது.

"எனக்கு ரெண்டும் பம்புசெட்டு ஓடுற மாதிரிதான் கேக்குது" என்றான் சேட்டு.

"நீ ரோட்டப் பார்த்து ஓட்டு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

வளைவுகளில் ஜீப் இறங்கிக்கொண்டே இருந்தது. தங்கவேல் காலை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, கம்பியை இறுகப் பிடித்தபடி பேசினான். ஆலங்காயம் தாண்டியபோது அவன் குரல் கம்மிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"டிரம்ம எடுத்துக்கோ மாமா. எங்காளு மாதிரி வருமா? அவரு பேரு… அவரு…"

அர்ச்சுனன் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டான். "சார்லி வாட்ஸ். சொந்தக் கட்சி ஆளு பேரே தெரியல. நீயெல்லாம் பேச வந்துட்ட."

"தெரியும். நீ முழிச்சிருக்கியான்னு பார்த்தேன்."

"கடிபட்டவன் நானு. உனக்கு கண்ணு சொருகுது."

"நீ ஒத்துக்கற வரைக்கும் நான் தூங்க மாட்டேன்."

"செத்தாலும் ஒத்துக்க மாட்டேன்."

"அப்படியே இரு மாமா" என்றான் தங்கவேல். "கடைசி வரைக்கும் அப்படியே இரு."

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அர்ச்சுனனின் கையைத் திருப்பிப் பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். ஏதாவது பேசச் சொன்னார். அவன் பீட்டில்ஸைப் பற்றி ஆரம்பித்ததும் போதும் என்று கையமர்த்தினார்.

"பல்லு பட்டிருக்கு. விஷம் ஏறின அடையாளம் ஒண்ணும் தெரியல. எதுக்கும் இங்கேயே படுங்க, நாளைக்கு வரைக்கும் பார்ப்போம்."

"கேட்டியா மச்சான்?" அர்ச்சுனன் சிரித்துக்கொண்டே திரும்பினான். "பீட்டில்ஸ்காரன விஷம் கூட ஒண்ணும் பண்ணாது."

தங்கவேல் சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்திருந்தான். பேண்ட்டின் வலது காலை மெல்ல மேலே சுருட்டினான். கெண்டைக்காலில் அந்தத் துண்டின் மறுபாதி இறுகக் கட்டியிருந்தது.

"நீ தட்டி வுடறதுக்கு முன்னாடியே என்னக் கடிச்சிடுச்சு மாமா" என்றான், நாக்குக் குழற. "சொல்லியிருந்தா பாவம் பார்த்து ஸ்டோன்ஸ்தான் பெருசுன்னு வுட்டுக் குடுத்திருப்ப. பேச்சு நின்னுருக்கும். ரெண்டு பேருமே தூங்கியிருப்போம்."

தங்கவேலுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அர்ச்சுனன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சானின் கன்னத்தைத் தட்டினான்.

"கண்ண மூடாதடா. உங்க ஸ்டோன்ஸ் ஒண்ணும் பெருசு இல்ல. எங்க, பதில் சொல்லு பார்ப்போம்."