ரேடியேட்டரில் காற்று

"காத்து எடுக்கதுக்கு ஒம்பது நாளா வே? நீரு மெக்கானிக்கா, இல்ல பலூன் விக்கவனா?"

நாகர்கோவிலின் அந்த ஒர்க் ஷாப் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார் சுயம்புலிங்கம். வயது எழுபத்தெட்டு. காற்று மேலே ஏறி வெளியேறட்டும் என்று, அவருடைய 1967 அம்பாசிடரை மேட்டில் மூக்கு உயர்த்தி நிறுத்தியிருந்தார்கள்.

மெக்கானிக் டைட்டஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"பழைய வண்டி சார். தண்ணி மாத்தினப்போ ரேடியேட்டர்ல காத்து மாட்டிக்கிட்டுது. நாலு தடவை எடுத்தாச்சு, இன்னும் போகல. இப்படியே ஓட்டினா சூடாகி வழியில நின்னுரும்."

"நாளைக்கு என் வீட்டுக்காரிக்கு முதல் வருஷத் திதி. கன்னியாகுமரிக்குப் போகணும். அம்பத்தோரு வருஷம் அவ உக்காந்து வந்த வண்டி வே. நான்தான் ஓட்டிட்டுப் போவேன்."

தன் காரை வேலைக்கு விட வந்திருந்த பொன்னுலிங்கம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு காத்துக்கே இந்தப் பாடுன்னா என் இன்ஜின் என்ன கதி ஆகும்? நான் வேற இடம் பாக்கேன் மக்கா" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரத்தில் அப்படிப் போன மூன்றாவது ஆள்.



"தள்ளும், நானே பாக்கேன்." பெரியவர் கதவைத் தடவித் திறந்து உள்ளே ஏறி, வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

இன்ஜின் சத்தத்தின் மறைவில் அவர் மகள் சிவப்ரியா டைட்டஸின் பக்கம் வந்தாள்.

"என்னால உங்க பேரு கெடுது அண்ணே."

"பேரு கிடக்கட்டும் டீச்சர். காத்து முத நாளே போயாச்சு. இன்னும் எத்தனை நாள் பொய் சொல்ல?"

"கண் டாக்டர் அவரு ஓட்டவே கூடாதுன்னு என்கிட்ட சொல்லிட்டாரு. போன மாசம் ஒரு ஸ்கூல் பிள்ளை மயிரிழையில தப்பிச்சுது. அது குறுக்க வந்ததே அப்பாவுக்குத் தெரியல. சொல்லிரணும்னுதான் நினைக்கேன். அம்மாவும் போயாச்சு, இதையும் நானே பிடுங்கணுமான்னு வாய் வரல்ல."

இருபது நிமிடம் ஓடியது. பெரியவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பானெட்டைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"காத்து அடைச்சிருந்தா தண்ணி சுத்தி வராது. மேல் ஹோஸ் சுடும், கீழ் ஹோஸ் குளுந்து கிடக்கும். தொட்டாத் தெரிஞ்சுரும் உம்ம வேலை."

சிவப்ரியாவுக்கு முகம் வெளுத்தது.

"சார், வேண்டாம்" என்று டைட்டஸ் குறுக்கே வந்தார்.

அதற்குள் பெரியவர் குனிந்து, துழாவி, கீழ் ஹோஸைப் பிடித்துவிட்டார்.

ஐந்து எண்ணும் நேரம் அவர் கையை எடுக்கவில்லை. மகள் நின்ற பக்கம் மெல்லத் திரும்பினார்.

"குளுந்துதான் கிடக்கு வே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நீரு சொன்னது சரிதான். வண்டி இங்கயே நிக்கட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல. மக்ளே, நாளைக்கு உன் கார்லயே போவோம். நீ ஓட்டு."

அம்பாசிடர் சாவியை இடது கையால் டைட்டஸிடம் நீட்டினார். பிறகு மகளுடைய கார் நின்ற இடத்துக்குத் தனியாக நடந்தார்.

சிவப்ரியா பெருமூச்சு விட்டாள். "தப்பிச்சோம் அண்ணே. நிஜமாவே கொஞ்சம் காத்து இருந்திருக்கு."

டைட்டஸ் ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் குனிந்து கீழ் ஹோஸைத் தொட்டாள். விரல் நுனி பட்டதுமே சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.