பீப்பாய் நிரப்பிய தேதி

"நாலு மாசமா கேட்டுக்கினு இருந்தீங்களே சார், அந்த ஸ்காட்லாந்து சிங்கிள் கிரெய்ன் விஸ்கி, வந்துடுச்சு," என்றார் அடையாறு மதுக்கடை விற்பனையாளர். "சிங்கிள் கிரெய்ன்னா ஒரே தானியம் இல்ல. ஒரே ஆலையில காய்ச்சினது. கோதுமை, மக்காச்சோளம்லாம் இருக்கும். முக்காவாசி மத்த விஸ்கில கலந்துடுவாங்க. தனியா வர்றது அபூர்வம். ஐஸ் போட்டுக்கினா சூப்பரா இருக்கும்."

"பீப்பாயில ஊத்துன தேதி போட்டிருக்கா தம்பி?" எழுபத்தாறு வயது பிரமநாயகம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இதோ. பன்னெண்டு வருஷம் ஊறினது."

பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. தி.நகர் ஜவுளிக்கடை ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி! என் மக கல்யாணத்துல நாலு பேரு குடிச்சாங்கன்னு இலையை விட்டு எந்திரிச்சுப் போனீங்க. இப்ப நீங்களேவா?"

பிரமநாயகம் பாட்டிலை மறைக்கவில்லை.

"என் மவன் ஸ்காட்லாந்துல மாவு மில்லுல வேலை பார்த்தான்னு சொன்னேன்லா, அது பொய். இந்த ஆலையிலதான் இருந்தான். இதே தேதியிலதான், 'முதல் பீப்பாயை இன்னைக்கு நானே நிரப்புனேம்ப்பா'ன்னு போன் பண்ணுனான். வெளியே சொல்லாதேன்னு போனை வச்சிட்டேன்."

ஆவுடையப்பனின் சிரிப்பு அடங்கியது. அந்த போன் வந்த அடுத்த மாதமே அங்கே பனி உறைந்த சாலையில் நடந்த விபத்தில் இறந்த அந்தப் பையனின் உடலை விமான நிலையத்தில் வாங்கப் போனவர்களில் அவரும் ஒருவர்.

விற்பனையாளர் பாட்டிலைக் கறுப்புக் கவரில் போடப் போனார்.

"கவர் வேண்டாம்," என்று பிரமநாயகம் கை நீட்டினார். "அவனை மறைச்சு வச்சது போதும்."