தடித்த ஸ்டீயரிங்

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் ஒரு தகரக் கொட்டகை. மாலை வெயில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் சாய்கிறது. உள்ளே அமர்ந்து நெரிடா பழைய ஸ்டீயரிங்கைப் பிடித்து, கடலையே கரைக்கு இழுப்பவள்போல இழுக்கிறாள். நடு நட்டைத் தளர்த்தியவள், கழற்றாமல் நுனியில் விட்டிருக்கிறாள். இல்லையென்றால் ஸ்டீயரிங் பிடுங்கிக்கொண்டு வந்து மூக்கைப் பதம் பார்த்துவிடும். ஸ்டீயரிங் விடுபட்டு, 'டங்' என்று நட்டில் இடித்து நிற்கிறது. பென்சில் தடிமனே உள்ள அந்த வளையத்தை மூட்டுவாதம் வந்த அவள் விரல்களால் பற்ற முடியவில்லை. அதனால்தான் குளிர்காலம் முழுக்க அவளுடைய கார் போர்வைக்குள்ளேயே கிடந்தது.

"ஒரிஜினலக் கழட்டினா பழைய கார் கிளப் போட்டியில மார்க் குறைப்பாங்க," என்கிறான் கணவன் கிளைவ், டீக் குவளையோடு.

"குறைக்கட்டும். நீ அந்த மார்க்க ஓட்டிட்டுப் போ."

புதியது தோல் சுற்றியது, மலைப்பாம்புத் தடிமன். பழையதை எடுத்துவிட்டு அதைத் தண்டில் செருகி நட்டை இறுக முறுக்குகிறாள். முன்சக்கரங்கள் நேராக இருக்கின்றன. ஸ்டீயரிங் மட்டும் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது.

"கோணலா இருக்கு. மறுபடி கழட்டு," என்கிறான் கிளைவ்.

நெரிடா கைகளை மெல்ல மடக்குகிறாள். பத்து விரல்களும் தோலில் படிகின்றன, வலியில்லாமல்.

"கழட்டலாம்," என்கிறாள், "கடற்கரை வரைக்கும் போயிட்டு வந்து."

சாவியைத் திருப்புகிறாள்.