நலமான வீட்டுக் குழந்தை

அன்று அங்கன்வாடியில் மேசையருகே டீச்சர் செண்பகவல்லி, எதிரே பாயில் பூங்கோதை, அவள் மடியில் இரண்டு வயது நிறைமதி, வாசற்படியில் புருஷன் தவசி. சுவரில், வீட்டுப் பதிவைப் பார்த்துச் சத்துப் பொட்டலம் தரும் பேசும் இயந்திரப் பெட்டி.

மூன்று வார வயிற்றுப்போக்கில் குழந்தை வற்றிப்போயிருந்தாள். டீச்சர் அவள் புஜத்தில் நாடாவைச் சுற்றினார். பதினொரு சென்டிமீட்டர், அபாயச் சிவப்பு.

பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டில் குழாய்த் தண்ணீர், கழிப்பறை. தாய் பட்டதாரி. இத்தகைய வீட்டில் குழந்தை மெலியாது. நாடா பழுது."

"பிள்ளையைப் பாருடா, தகர டப்பா!" என்றார் டீச்சர். பெட்டிக்கு வீட்டைத்தான் பார்க்கத் தெரியும்; வீட்டுக்கு மார்க் போட்டு, அது குறைந்தால்தான் திறக்கும்.

"என்னைக் குடிகாரன்னு போடுங்க டீச்சர்," என்றான் தவசி, தியாகி போல.

"அதைப் போன வாரமே போட்டாச்சு. ஒரு மார்க்குதான் குறைஞ்சுது," என்றாள் பூங்கோதை. "இந்த மனுசனால அதுக்குக்கூடப் பிரயோசனமில்ல."

மிச்சமிருந்தது அவள் பட்டம். அது நீங்கினால் பெட்டி திறக்கும்; அதற்கு ஆபீசுக்குக் கடிதம் போட வேண்டும். டீச்சர் பொருள், பார்வை எல்லாம் முறையாக இட்டு எழுதினார்: மேற்படி பூங்கோதைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எம்.எஸ்சி. என்று பதிவானது தவறு.

"மனசு கேக்குதாம்மா?"

"எம்.எஸ்சி.யைக் கரைச்சா ஊட்ட முடியும்?"

பூங்கோதை கடிதத்தை இரண்டு முறை படித்தாள். விட்டுப்போன பதிவெண்ணைச் சேர்த்தாள்.

"அவ்வளவு அழகா எழுதாதே, மாட்டிக்குவோம்!" என்றார் டீச்சர்.

பிறகு அவள் கட்டைவிரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைத்தாள். டீச்சர் உறையை ஒட்டி, தவசியைத் தபால் ஆபீசுக்கு விரட்டினார்.