அசையாத சாக்கு

லிங்கநகர் வீட்டு வளவில் மூன்று பேர் இருக்கிறார்கள். வேப்பமரத்தடிக் கதிரையில் நிலுஷா, பிளாஸ்டர் போட்ட வலது கையை மடியில் வைத்தபடி. குசினிப் படியில் தாய் இன்பமலர், வெளியே போகிற சேலையில். கவிழ்த்த வாளியின்மேல் தகப்பன் யோசேப், முழங்காலில் கடிதத் தாளோடு. துறைமுகக் காற்றில் கொடித் துணியெல்லாம் படபடக்கிறது. நிலுஷா குத்திப் பழக அவர் கட்டித் தொங்கவிட்ட சாக்கு மட்டும் அசையவில்லை. கடையில் விற்கிற குத்துப் பை விலை கட்டாது, சாக்கில் பழந்துணி அடைத்தால் போதும் என்றுதான் கராத்தே மாஸ்டர் சொன்னவர். இருபது வருசமாகத் துறைமுகத்தில் மூட்டை கட்டுகிற யோசேப்புக்கு, தொட்டால் அமுங்குகிற மூட்டை மனதுக்குப் பிடிக்கவில்லை. கடல்மணலும் கொட்டி, அலவாங்குக் கம்பியால் இடித்து இறுக்கித் தைத்தார். முதல் குத்திலேயே மகளின் மணிக்கட்டு முறிந்தது. தேசியத் தெரிவுப் போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்; வர முடியாதென்று அழைத்தவர்களுக்கு எழுதவேண்டும்.

"மூட்டை கட்டுறதெண்டா இவரை வெல்ல ஆளில்லை," என்கிறாள் இன்பமலர்.

யோசேப்பின் பேனா நிற்கிறது. "என்ர பிழையாலதான் வர ஏலாமப் போச்சு எண்டு எழுதட்டோ? அடுத்த முறையாவது கூப்பிடுவினம்."

"உங்களையோ அப்பா அவை கூப்பிட்டது? அடுத்த முறை எனக்கு வயசு கூடிடும். காயம் எண்டு மட்டும் எழுதுங்கோ."

எழுதுகிறார். நிலுஷா இடது கையால் ஒப்பமிடுகிறாள். பெயர் முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாகக் கோணுகிறது. உறையின் பசை காய்ந்துபோயிருக்க, யோசேப் சோற்றுப் பருக்கை தேய்க்கிறார். அவள் இடது கை முட்டியால் உறையின்மேல் குத்தி அழுத்துகிறாள், ஒருமுறை, இன்னொருமுறை.

"காணும் பிள்ளை, ஒட்டிட்டுது."

அவள் நிறுத்தவில்லை. இன்பமலர்தான் உறையை மெல்ல இழுத்தெடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு நடக்கிறாள்.