கேட்டதைச் சொல்கிறவன்

"சட்டையைக் கழட்டுடா. அந்தப் பக்கம் திரும்பு."

தம்பி சிரித்துக்கொண்டே திரும்பினான். அக்கா அவன் முதுகை ஜன்னல் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். கைகளைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியும் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. நகம் வெட்டி, முகம் மழித்து, தலை வாரி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி இருந்தான்.

அறை வாசற்படியில் இல்லத்து வார்டன் பொறுமையாக நின்றிருந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து இப்படிச் சோதனை போடுகிறாளே என்று அவர் முகம் சுளிக்கவில்லை. அதுவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"வந்ததுக்கு இப்ப நல்லா சதை போட்டிருக்கான் மேடம். என்ன விஷயம், மனசுவிட்டுச் சொல்லுங்க."

"நேத்து போன்ல பேசும்போது, 'அடிக்காதீங்கண்ணா, இனிமே படுக்கையை நனைக்க மாட்டேன்'னு அழுதான் சார். அழுகையில யார் குரல்னே பிடிபடல, எனக்கு உயிரே இல்ல."

"நனைக்கிற பழக்கம் இவனுக்கு உண்டா?"

"சின்ன வயசுலகூடக் கிடையாது."

"அப்புறம் என்ன? வீட்டுல இவனுக்கு என்ன பேரு, சொல்லுங்க பார்ப்போம்."

"ரேடியோ," என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முப்பது வயது தாண்டியும் அவனுக்குப் பத்துவரை எண்ணத் தெரியாது. செருப்பைக் கால் மாற்றித்தான் போடுவான். ஆனால் காதில் விழுந்ததை ஓர் எழுத்து பிசகாமல், சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்வான். குக்கர் விசில், காய்கறிக்காரர் கூவல், பக்கத்து வீட்டு இருமல் எல்லாம் அந்த வாய்க்குள் இருந்தன. சொந்தமாக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

அம்மா இருந்தவரை அது வேடிக்கை. அம்மா போய், அவன் அக்கா வீட்டுக்கு வந்தபிறகு வேடிக்கை வினையாயிற்று. ஒருநாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் மாமியாரைப் பார்த்து, "இந்தக் கிழவி இருக்கிறவரைக்கும் எனக்கு நிம்மதி இல்ல" என்றான். குரல் அவள் கணவருடையது. படுக்கையறையில் அவளிடம் மட்டும் அவர் முணுமுணுத்தது அது.

அன்று பற்றிய தீ அணையவே இல்லை. "வீட்டுக்குள்ள பேசறது வீதிக்குப் போகணுமா? எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்த்துடு," என்று கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். நாலு பேரிடம் விசாரித்து, இருப்பதில் நல்ல இல்லம் என்றுதான் அவள் இங்கே கொண்டுவந்து விட்டாள். அன்று அவன் அழவில்லை. வண்டி கிளம்பியபோது அவள் விம்மியதைத்தான், அவள் குரலிலேயே திருப்பி விம்மினான்.

"ஹால்ல நாள் பூரா டிவி ஓடுது மேடம்," என்றார் வார்டன். "எந்த சீரியல்ல எவன் அழுதானோ! இவன் அதைப் பிடிச்சு உங்களுக்கு ஒலிபரப்பிட்டான். அவனா எதையும் கட்டிச் சொல்லத் தெரியாதவன். அது என்னைவிட உங்களுக்கே நல்லாத் தெரியும்."

அவளுக்கு அது போதும். யாராவது இப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதான் அவள் பஸ் ஏறியே வந்திருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அம்மா இல்லாத பிள்ளை. எனக்குக் கயிறெல்லாம் பாம்பாத் தெரியுது."

"அக்கான்னா அப்படித்தான் மேடம். இதுல என்ன தப்பு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டாள். பையிலிருந்து பிஸ்கட் பொட்டலங்களை எடுத்தபோதுதான் பக்கத்துக் கட்டில் கண்ணில் பட்டது. மெத்தை இல்லை, வெறும் பலகை. போன தடவை அங்கே ஒல்லியாக ஒருவன் இருந்தான். அவளை அவனும் அக்கா என்றே கூப்பிட்டு, விடைபெறும்போது கையை விடாமல் பிடித்துக்கொண்டவன்.

"இங்க இருந்த தம்பி எங்க சார்? அவனுக்கும் சேர்த்துத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"அவனா? வீட்டுக்குப் போயிட்டான் மேடம். அவங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

"நல்லா இருக்கட்டும்," என்றாள். யாரோ ஒரு அண்ணனுக்கு மனம் வந்திருக்கிறது, தனக்கு வரவில்லையே. தம்பியின் தலையைத் தடவி, "உன் கூட்டாளி வீட்டுக்குப் போயிட்டானாடா?" என்று கேட்டாள்.

தம்பியின் சிரிப்பு நின்றது. அந்தப் பலகையைப் பார்த்தான். கரகரத்து, பதறி, அவள் கேட்டே இராத ஒரு குரல் அவன் வாயிலிருந்து வந்தது.

"சார்! மூச்சு இல்ல சார்! ரெண்டு அடிதான் சார் அடிச்சேன்!"

வார்டன் சட்டென்று அறைக்குள் வந்தார். "சரி சரி, சாப்பாட்டு நேரம். கிளம்புங்க மேடம்…"

அவர் கை தம்பியின் தோளை எட்டுவதற்குள் அடுத்த குரல் வந்துவிட்டது. மெதுவான, மரியாதையான, பொறுமையான குரல்.

"கத்தாதே. வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லிக்கலாம்."